வாசற்படியிலிருந்து அளந்தால்

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே நிற்பது மலையே இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். கொழும்பிலிருந்து வந்தவர். இலங்கையின் மலைகளை வரிசைப்படுத்துவது அவருடைய பொழுதுபோக்காம். பொகவந்தலாவையில் அரிசி வாங்கித் திரும்பிய என்னைக் கணவாயில் நிறுத்தி, மூட்டையை இறக்கி வைக்கக்கூட விடாமல் விளக்கினார்.

உயரம் மட்டும் போதாதாம். பக்கத்துப் பெரிய மலைக்கும் இதற்கும் நடுவே உள்ள கணவாயிலிருந்து உச்சி எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் உச்சி அதிகம் எழும்பவில்லை. அதனால் இது தனி மலை ஆகாது, அந்தப் பெரிய மலையின் தோள்தான் என்றார். அவர் கணக்கு பிழையாக இருக்காது. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் கணவாயிலிருந்தா ஏறுகிறோம்? வாசற்படியிலிருந்து ஏறுகிறோம். அந்தக் கணவாயைத் தாண்டினால்தான் ரோடு, கடை, ஆஸ்பத்திரி எல்லாம். லயம் வரைக்கும் ரோடு கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த மாதமே ஒரு நாள், கொழுந்து பறிக்கப் போகுமுன் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கிளம்பிய அம்மாவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் படுக்க வைத்துத் தூக்கினோம். நோயாளியைத் தூக்கும்போது ஏற்றத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் இறக்கம் என்றே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்களாம். முன்னால் தூக்கிய சித்தப்பாவும் மூச்சு வாங்க, "எறக்கந்தான் மதினி, வந்திருச்சு" என்றார்.

அம்மா குழறிக் குழறிச் சொன்னாள்: "ஏத்தம்னு சொல்லுங்க. கூடையோட ஏறுனவ நான்."

கொழும்புக்காரர் மேல் இருந்த கோபம் எங்கள் மேலேயே திரும்பியது. ஏறுகிற நாங்களே ஏற்றம் இல்லை என்று சொன்னால், மலை இருக்கிறது என்று வேறு யார் நம்புவார்கள்?

இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். ஏன் இவ்வளவு தாமதம் என்றும் கேட்டார். நடுவில் மலை இருக்கிறது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சத்தம் போடாதே என்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.