டிவி பிளக்கில் கட்டிய குளவிக்கூடு

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டு டிவி பிளக் பாயிண்டில் குளவி ஒன்று கூடு கட்டத் தொடங்கியது. ஓர் ஓட்டையை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்த ஓட்டைக்குப் போனது. என் கார்ட்டூனும் அத்தோடு போனது. குளவிக்கூட்டைக் கலைக்கக் கூடாது, கட்டினால் வீட்டுக்குப் பிள்ளை வரும் என்றாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே தம்பி என்று ஒருவன் வந்து என் பென்சிலையெல்லாம் கடித்துக்கொண்டிருப்பது போதாதா?

ஆனால் அந்தத் தம்பியையே அனுப்பப் போகிறார்கள் என்றும் பேசிக்கொண்டார்கள். தேவகோட்டையில் இருந்த பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத பங்காளி வீட்டுக்குப் பையனைக் கொடுப்பதை எங்களில் பிள்ளை கூட்டுவது என்பார்கள். அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம்; அப்பச்சி சரியென்று சொல்லிவிட்டார். அம்மாவை யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. வரும் என்கிறார்கள், இருப்பதை அனுப்புகிறார்கள், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவனோடு தினமும் சண்டைதான். ஆனாலும் அவன் இல்லாத வீட்டை நினைக்கப் பயமாக இருந்தது.

அவனைப் பார்க்க வந்த பெரியம்மா என்னோடு உட்கார்ந்து குளவியை வேடிக்கை பார்த்தார். அது ஒரு பச்சைப் புழுவைத் தூக்கி வந்து ஓட்டைக்குள் திணித்தது. எதற்கு என்று கேட்டேன்.

"அதுக்குப் பிள்ளை இல்லத்தா. எங்குட்டோ கெடக்குற புழுவைக் கொண்டாந்து, கொட்டிக் கொட்டித் தன் பிள்ளையா ஆக்கிக்கிரும்."

சொல்லிவிட்டுத் தம்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். 

நாள் குறிக்கப் பெரியப்பா வீட்டார் மறுபடி வந்த அன்று, ஃபேன் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியன், அம்மா தடுப்பதற்குள் பிளக்கில் இருந்த மண்ணைப் பெயர்த்துவிட்டார். உள்ளே பச்சைப் புழுக்கள் செத்தும் சாகாமலும் கிடந்தன. தொட்டால் லேசாக நெளிந்தன. ஒன்றின்மேல் வெள்ளையாக ஒரு குட்டிப் புழு ஒட்டிக்கொண்டு அதைத் தின்றுகொண்டிருந்தது. இதில் எது பிள்ளை, எது சோறு?

"பெரியம்மா, தம்பியைக் கொட்டுவீகளா?"

பெரியம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே என்னை இறுக்கிக்கொண்டாள். அடிக்கிறாளா, அணைக்கிறாளா என்று அதுவும் எனக்குப் புரியவில்லை.

நல்ல நாளில் பங்காளிகள் கூடித் தம்பிக்கு மாலை போட்டுக் காரில் அழைத்துப் போனார்கள். பொங்கலுக்கு வந்தவனை அறைக்குள் இழுத்துப் போய்ச் சட்டையைக் கழற்றித் தேடினேன். கொட்டிய தடம் எங்கும் இல்லை. கொழுகொழுவென்று இருந்தான். நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது.

வெளியே ஓடியவன் அம்மாவிடம், "சின்னம்மா, தண்ணி குடுங்க" என்றான்.

செம்பு நிரம்பி வழிந்தும் அம்மா குழாயை மூடவில்லை. தண்ணீர் வீணாகிறதென்று கோபித்துக்கொண்டு நான்தான் போய் மூடினேன். தடத்தைத் தேட வேண்டியது தம்பியிடம் அல்ல என்பது அன்று எனக்குத் தெரியாது.