முள்வேலியில் சிக்கிய கருடன்

செலண்டார் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தின்போது, குடியிருப்பைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலியின் வாசலில் காவல் நின்றவரை எல்லோரும் வெறுத்தோம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போகிறவர்களின் பைகளைச் சோதிப்பது அவர் வேலை. ஒட்டிய கன்னம், தொளதொளத்த காக்கிச் சட்டை. ஒவ்வொரு பையையும் தொடுவதற்கு முன் கையைக் கழுவுவார்.

அந்த முள்வேலியில் ஒரு கருடன் சிக்கி இறக்கை கிழிந்தது. கையெல்லாம் ரத்தம் வர அவர்தான் அதை விடுவித்தார். காவல் கொட்டகையில் வைத்து எலியும் தவளையும் பிடித்துக் கொடுத்தார். புண் ஆறிக்கொண்டு வந்தது. அப்படியே விட்டிருந்தால் பறந்திருக்கும்.

கோயில் தலைவருக்குப் பொறுக்கவில்லை. "பெருமாள் வாகனத்துக்கு எலியா குடுக்கிற?" என்று கோயிலுக்குத் தூக்கிப் போய்விட்டார். மஞ்சள் துணி கட்டி, பாலும் வாழைப்பழமும் வைத்தார்கள். சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

காவல்காரர் வந்து கெஞ்சினார். "அண்ணே, அது பழம் திங்காதுலா. எறைச்சி குடுங்க, இல்லேன்னா செத்துரும்."

"எங்க பைய நோண்டுறவன் சாமிக்குச் சமையல் சொல்ல வந்துட்டான்!" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கருடன் பட்டினியில் செத்தது. பக்தியாம்! வெறும் முட்டாள்தனம்.

மறுநாள் காலை தலைவர் பால்வெட்டப் போக வேலி வாசலுக்கு வந்தபோது, காவல்காரர் வழக்கம்போலக் கையைக் கழுவினார். பையைப் பார்த்தார். "போங்கண்ணே" என்றார். நானாக இருந்தால் அந்தப் பையைத் தலைவர் முகத்திலேயே எறிந்திருப்பேன். அந்த மனிதரால் அப்படி நடந்துகொள்ள எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.