இவருடைய இருதயம் எடுத்த புள்ளிகள்

2012இல் என் கணவருக்கு அறுபத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் கணித வாத்தியாராக இருந்தவர். புலம்பெயர்ந்து பிளாக்டவுனுக்கு வந்த பிறகும் எங்கள் கராஜில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தார். எதைப் பற்றிப் பேசினாலும் ‘எத்தனை புள்ளி?’ என்று கேட்பது அவர் பழக்கம். நான் வைத்த மீன் குழம்புக்கே ஒருமுறை எழுபத்திரண்டு போட்டார். மிச்சம் எதற்காகக் குறைந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த வருடம் குடும்ப வைத்தியர் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். எங்கள் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவருக்கும் அதே துடிப்புக் கோளாறு. அவரும் அதே பிரிவில் ரத்தம் கொடுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்த நேரம் நான் வேலையில். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் எனக்கு வேலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முதலே இவர் ஆரம்பித்துவிட்டார்.

“இருதயத்திலையிருந்து ரத்தத்துக்கு வாற ஏதோ ஒரு புரதத்தை அளந்தவையாம். எனக்கு ஆயிரத்துக்கும் மேலையாம்! ஹை, வெரி ஹை எண்டு அந்த டொக்டர் பிள்ளை ரெண்டு தரம் சொன்னது.”

“அது நல்லதோ, கூடாதோ?”

“ஆயிரத்துக்கு மேலை எடுத்தது கூடாதெண்டு ஆர் சொல்லுவினம்?”

“வேறை என்ன சொன்னவ?”

“விளக்கமாக் கதைக்கோணும், வாற கிழமை வாங்கோ எண்டவ. பாராட்டத்தான் இருக்கும்.”

பாராட்டுவதற்கு ஆஸ்பத்திரி கூப்பிடுமா என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆனால் அவருடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து எல்லோரும் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது இவர் தன்னுடைய புள்ளியை அறிவித்தார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைகூடக் கொடுத்தார். சம்பந்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கு நூறும் தாண்டேல்லை,” என்றார் மெல்ல.

“கவலைப்படாதேங்கோ சம்பந்தி. காலமை எழும்பி நடவுங்கோ. அடுத்த முறை கூட்டிப்போடலாம்.”

அந்த மனிதர் நடப்பதற்கென்று அடுத்த நாளே காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிவிட்டார். குளிர்காலம். காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியோடு எங்கள் வீட்டைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து போவார். இவர் யன்னலில் தேநீர்க் கோப்பையோடு நின்று, “கையை வீசி நடவுங்கோ!” என்று உற்சாகப்படுத்துவார்.

ஒரு கிழமை கழித்து நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர், சென்னையிலிருந்து வந்த இளம்பெண். இவர் பரிசு வாங்கப் போகிறவர்போல் கதிரையின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அங்கிள், இந்த நம்பர் கம்மியா இருந்தாதான் நல்லது,” என்றார் டாக்டர்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“இதயம் சிரமப்படும்போது இந்தப் புரதத்தை ரத்தத்துல அதிகமா விடும். துடிப்பு ஒழுங்கா இல்லாதவங்களுக்கு உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைச்சா ஸ்ட்ரோக். இந்த நம்பர் அதிகமா இருக்கிறவங்களுக்கு அந்த ஆபத்தும் அதிகம்னு இப்போ ஆராய்ச்சியில தெரிய வருது.”

“கையிலை ரத்தத்தை எடுத்து, நெஞ்சைப் பாத்து, மூளைக்குச் சாத்திரம் சொல்லுறியளோ பிள்ளை?”

டாக்டர் சிரித்துவிட்டார். “சாத்திரம் இல்ல அங்கிள். கண்டிப்பா வரும்னு சொல்லல. வராம பார்த்துக்கலாம்னு சொல்றேன். இந்த நம்பர் இல்லாட்டியும் உங்க வயசுக்கும் பிரஷருக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேணும்.”

பிறகு என் பக்கம் திரும்பி, வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லித் தந்தார். நான் அதை வேதம்போல் மனப்பாடம் செய்தேன்.

காரில் இவர் பெல்ட்டை இழுத்துப் போட்டார். பிறகு, “சம்பந்திக்குச் சொல்லாதை,” என்றார்.

நான் அன்று பின்னேரமே சொல்லிவிட்டேன். கோயில் முழுக்கத் தெரிந்த புள்ளிக்குத் திருத்தம் போடாமல் விட முடியுமா? சம்பந்தி தன் புதுச் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப நான் பாஸோ?”

அடுத்த நொடியே முகம் சுருங்கிவிட்டது. “ஐயோ, நான் அந்தக் கருத்திலை கேக்கேல்லை அன்ரி,” என்றார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பதற்றத்தில் அன்ரி ஆக்கிவிட்டார்.

மாத்திரை தொடங்கியது. ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அடிக்கடி பார்த்தார்கள். அந்தக் கணக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கவேண்டுமாம். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. “இது என்ன சோதினை?” என்று இவர் கொதித்தார். ஆனாலும் ஒருநாளும் மாத்திரையை விடவில்லை.

சில மாதங்களின் பின் ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், இவர் கதிரையில் சாய்ந்திருக்கிறார். வாய் இடப்பக்கம் கோணித் தொங்குகிறது. எச்சில் வடிகிறது.

“என்னப்பா? என்ன செய்யுது?”

“ம்ம்பா… ஊஊ…” என்றார்.

“ரெண்டு கையையும் தூக்குங்கோ!”

ஒரு கையைத்தான் தூக்கினார். அதையும் வேண்டாம், வேண்டாம் என்பதுபோல் என் முகத்துக்கு நேரே ஆட்டினார். மற்றக் கை கன்னத்தை விட்டு அசையவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மகளைக் கூப்பிட்டேன். மகள் சொல்லி, ஆம்புலன்ஸ் வருமுன்னே சம்பந்தி ஓடி வந்து, இவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

“உங்கடை நம்பரைக் கேட்டு நான் உள்ளுக்குள்ளை சந்தோசப்பட்டனான் சம்பந்தி! என்னை மன்னிச்சிடுங்கோ!”

இவர் கண்ணை உருட்டினார். “ஊம்… ஊம்…”

ஆம்புலன்ஸில் வந்த உயரமான பெண் இவரைச் சிரிக்கச் சொன்னாள். இவர் முறைத்தார். வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தவள், நிமிர்ந்து என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: “இவர் இன்றைக்குப் பல் டாக்டரிடம் போனாரா?”

இவர் ஓம், ஓம் என்று பலமாகத் தலையாட்டினார். உள்ளே, கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் ஒரு பெரிய பஞ்சு. இறுக்கிக் கடித்துக்கொண்டிரு, கதைக்காதே என்று அந்தப் பல் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாராம். பாதி முகம் ஊசியில் விறைத்துக் கிடந்தது. என்றாலும் அவர்கள் கை, கால், பிரஷர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கூப்பிட்டது சரிதான் என்று அந்தப் பெண் என் தோளில் தட்டினாள்.

விறைப்பு இறங்கி வாய் வழிக்கு வந்ததும், “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“சொன்னால், ரத்தம் நிக்காதெண்டு நீ பயந்துபோய் அம்புலன்சைக் கூப்பிடுவாய் எண்டுதான் சொல்லேல்லை.”

சம்பந்தி கண்ணைத் துடைத்தபடி சிரித்தார். அவரை அன்று சாப்பிடாமல் விடவில்லை. இவருக்கென்று எடுத்து வைத்திருந்த இடியப்பமும் சொதியும் அவருக்குப் போனது. இவருக்குச் சூடு ஆகாது. கஞ்சியை ஆற்றி, கரண்டியால் கொடுத்தேன். இரண்டாவது வாய் கொடுக்கும்போதுதான் என் கை நடுங்கத் தொடங்கியது. கஞ்சி அவருடைய சேட்டில் சிந்தியது. இவர் கஞ்சிக் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். கரண்டியோடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார், நடுக்கம் நிற்கும்வரை.