இரண்டாம் தரம் தராசில் ஏறிய மூட்டை

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இன்றைக்கு மண்டூர்ப் பக்கத்து வயல் வட்டைகளில் விளைகிற நெல்லில் பெரும்பங்கு என் ஆலைக்குத்தான் வருகிறது. மனக்கணக்கில் என்னை மடக்கிய ஆள் வாவிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை.

என் ஆலையில் ஒரு சட்டம் உண்டு. ஒருமுறை நிறுத்த நெல்லை மறுமுறை நிறுப்பதில்லை. சூடடிக்கிற களவெட்டியில் நெல்லை மரைக்காலால் அளந்த காலத்து வழக்கம் அது. முதல் மரைக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டோம், 'லாபம்' என்போம். அளக்கும்போது பேச்சு இல்லை. அளந்ததைத் திரும்ப அளந்தால் பொலி குறையும், சுற்றி நிற்கிற பூதங்கள் வாரிக்கொண்டு போய்விடும். இப்போது வெட்டுமிஷின் வயலிலேயே அடித்துத் தூற்றித் தந்துவிடுகிறது. களவெட்டி போய்விட்டது, சட்டம் மட்டும் என் தராசடிக்கு வந்து சேர்ந்தது. "திரும்ப வையுங்க முதலாளி" என்று என்னிடம் கேட்டவன் எவனும் இல்லை.

என் கடைசி மகள் அந்தத் தராசடியில் வளர்ந்தவள். நான் நிறையைச் சொல்லச் சொல்ல அவள் கூட்டிக்கொண்டே வருவாள். அப்படிப்பட்டவளுக்குப் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் மற்றப் பாடமெல்லாம் நல்ல சித்தி, கணிதம் மட்டும் போனது. பாடசாலை அவளை உயர்தர வர்த்தக வகுப்பில் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டது. இரண்டாம் தடவை கணிதம் சித்தியடைய வேண்டும். தவறினால் வகுப்பை விட்டு எழும்ப வேண்டும். கணக்காளராக வரவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

தேற்றாத்தீவிலிருந்து ஒரு ரியூசன் மாஸ்டரைப் பிடித்தேன். மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்து வருவார். ஒருநாள் மாதிரி வினாத்தாளை என் முன்னால் விரித்தார்.

"முதலாளி, மகளுக்குக் கணக்குத் தெரியும். இஞ்ச பாருங்க, விட்டத்த ஆரையெண்டு எடுத்திரிக்கா. இதில கழிக்கிற சய அடையாளம் விழுந்து போச்சு. இதில மீற்றரில கேக்க சென்ரிமீற்றரில எழுதியிரிக்கா. வழியெல்லாம் சரி, நேரமும் மிச்சம். ஒருக்கா திரும்பிப் பாத்தா பிழையெல்லாம் அம்பிடும். பாக்கிறாவில்ல."

"ஏன் மக பாக்கல்ல?" என்று கேட்டேன்.

"எழுதினத மறுகா பாத்தா பிழைச்சுப் போகுமெண்டு பயம் அப்பா. கை ஓடுதில்ல."

மாஸ்டர் சிரித்தார். "அப்ப பேப்பர் திருத்துறவர் உன்ர மனசத் திருத்திப் புள்ளி போடுவாரெண்டு நினைச்சியாகா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழமைக்குக் கிழமை வினாத்தாள்கள் வந்தன. சிவப்புக் கோடுகள் அதே மாதிரியான இடங்களில் விழுந்துகொண்டே இருந்தன. பரீட்சை நெருங்கியது. பெரும்போக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, வரக்கூடாத மழை ஒன்று வாவிக்கு மேலே கறுத்துத் திரண்டது.

"இஞ்சாருங்க, உங்கட தராசுச் சட்டம் புள்ளைர தலைக்குள்ள போய்க் குந்தியிரிக்கு. வெச்ச நீங்கதான் எடுக்கணும்" என்றாள் மனைவி.

"எடுத்துக் காட்டுறன்" என்றேன். நான் நினைத்து முடியாமற்போன காரியம் கிடையாது.

அன்று பின்னேரம் ஒரு விவசாயியின் நெல் லொறியில் வந்தது. மூட்டைகளில் பாதியை நிறுத்தாயிற்று, மிச்சம் லொறியில் கிடந்தது. மகள் பேனையோடு பக்கத்தில் இருந்தாள். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "இப்ப நிறுத்த மூட்டையத் திரும்ப வையுங்கடா."

மூட்டை தூக்குகிறவன் என் முகத்தைப் பார்த்தான். "நிறுத்ததுதானே முதலாளி?"

"நிறுத்ததுதான். வை."

"வெட்டு நேரத்தில என்னத்துக்கு இந்த வேலை? வானமும் இப்படி நிக்குது" என்றார் விவசாயி.

மூட்டை ஏறியது. தராசு முந்தியதைவிடக் குறைத்துக் காட்டியது. பக்கத்தில் அடுக்கியிருந்த மூட்டை ஒன்று முதல் தடவை இதன்மேல் சாய்ந்து நின்றிருக்கிறது, அந்தப் பாரமும் சேர்ந்திருக்கிறது. அதை நகர்த்திக் காட்டினேன். ஒருவரும் பார்க்கவில்லை. தூக்குகிறவன் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றான்.

"அப்ப மத்த மூட்டையெல்லாம்?" என்றார் விவசாயி.

"அதுகள் சரி."

"எப்பிடித் தெரியும்?"

என் மகள் எழுந்தாள். "அப்பா, எல்லாத்தையும் மறுகா நிறுப்பம்."

நிறுத்தோம். மற்றவை எல்லாம் சரியாகவே இருந்தன. அதை நம்புகிற முகம் ஒன்றையும் நான் காணவில்லை. நிறுத்து முடிக்குமுன் மழை கொட்டியது. லொறியில் கிடந்த நெல் நனைந்தது. விவசாயி அதை மூட ஓடினார். மகள் மட்டும் தராசின் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கணிதப் பரீட்சையன்று நானே கூட்டிப் போனேன். வாசலில், "ஒருக்கா மட்டும் திரும்பிப் பாத்தாக் காணும் மக" என்றேன்.

"ஓம் அப்பா."

கடைசி வினாத்தாள் முடிந்து பிள்ளைகள் எல்லோரும் வந்த பிறகுதான் அவள் வந்தாள். "பிழை ரெண்டு பிடிச்சன் அப்பா."

"பாத்தியா! ஆருட மகள்!" என்றேன். பக்கத்தில் நின்ற தகப்பன்மாருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"மறுகாவும் பாத்தன். அதுக்குப் பிறகும் பாத்தன். சரியானதும் பிழை மாதிரித் தெரிஞ்சிது. வெட்டி வெட்டி எழுதினன். கடைசி ரெண்டு கேள்வியும் தொடல்ல."

வாவியைக் கடக்கும்போது, விடைத்தாளில் பரீட்சைச் சுட்டெண் போட்டேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். போட்டிருப்பாய் என்று சொன்னேன். தண்ணீர் அசையாமல் ஈயம் போலக் கிடந்தது.

அதன் பிறகும் அவள் நாள் தவறாமல் உயர்தர வகுப்புக்குப் போய்வருகிறாள். பெயர் இன்னும் வரவு இடாப்பில் இருக்கிறது. மாஸ்டரிடம் கேட்டேன். கடைசிக் கேள்விகளை விட்டாலும் சித்தியடையலாம், ஆனால் வெட்டி எழுதியதில் எத்தனை சரியான விடை போயிற்று என்பது அவளுக்கே தெரியாது என்றார்.

இன்றைக்குப் பரீட்சைப் பெறுபேறு வருமாம். அடுத்த அறையில் போனை வைத்துக்கொண்டு சுட்டெண்ணைத் தட்டுகிறாள். ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாக வாசிக்கிறாள். முடித்ததும் அழித்துவிட்டு, திரும்பவும் முதல் இலக்கத்திலிருந்து தொடங்குகிறாள்.