தங்கையின் ஆங்கிலத் தாள்

என் தங்கையின் வாழ்வைச் சொல்லத் தொடங்குமுன், அந்நாளில் நான் இருந்த நிலையைச் சொல்லிவிடுவது முறை. நான் பி.ஏ., பி.டி. பட்டம் பெற்றவன். எங்கள் உறவுமுறையில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகப் பதினைந்து ஆண்டுகள் பணி முடித்திருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு ஆண்டுதோறும் எனக்கு ஆணை வரும். இரக்கத்துக்காக அரை மதிப்பெண்ணும் போடாதவன் என்று முகாமில் எனக்குப் பெயர். அப்பெயரை நான் விரும்பினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தங்கை எனக்கு எட்டு வயது இளையவர். மரக்காணத்தில், எங்கள் தந்தையார் குத்தகைக்கு எடுத்து நடத்திய உப்பளத்தை ஒட்டிய வீட்டில் பிறந்தார். பள்ளியில் நன்றாகப் படித்தார். நான் பி.டி. என்னும் ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்குச் சேர்ந்த ஆண்டு, புயல் மழையில் கழுவெளி ஏரித் தண்ணீர் ஏறி எங்கள் உப்புப் பாத்திகளையெல்லாம் கரைத்துவிட்டது. இருவரைப் படிக்க வைக்க இயலாது என்று தந்தையார் முடிவு செய்தார். தங்கையின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது; எஸ்.எஸ்.எல்.சி. அந்நாளில் பதினோராம் வகுப்பு. அவருடைய கருத்தை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினெட்டு வயதில் திருமணம். மாப்பிள்ளை, உப்பளங்களுக்கு நடுவே இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர், நற்குணம் உடையவர். ஒரே மகள். அந்த மகளுக்கு ஒன்பது வயதாகும்போது மாப்பிள்ளை மார்வலி கண்டு, அலுவலக நாற்காலியிலேயே காலமானார்.

கைம்பெண்ணுக்கு அதே அலுவலகத்தில் வேலை தருவதற்கு வழி இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தால் எழுத்தர் பணி; இல்லாவிட்டால் தண்ணீர் எடுத்து வைக்கும் பணி. உப்பளத்து மண்ணில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். அலுவலகத்துக்கு வேண்டிய குடிநீரை ஒரு மைலுக்கு அப்பால் உள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து, பாத்தி வரப்பின் மேல் நடந்து, குடத்தில் கொண்டுவர வேண்டும். அந்த அலுவலகத்துக்குத் தலைவராக இருந்த அலுவலர் நல்லவர். அடுத்த ஆண்டுக் கோடை வரை எழுத்தர் இடத்தை நிரப்பாமல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

தங்கை தனித்தேர்வராகப் பதிந்துகொண்டார். முதல் முயற்சியிலேயே மற்ற பாடங்கள் அனைத்திலும் தேறினார். ஆங்கிலம் மட்டும் நின்றது. செப்டம்பரில் மறுபடியும் எழுதினார், மறுபடியும் நின்றது. இரண்டு முறையும் அவரை வீழ்த்தியது ஒரே பகுதி: கொடுக்கப்பட்ட வாக்கியங்களில் வினைச்சொல்லின் வடிவத்தைத் திருத்தி எழுதும் பகுதி.

ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்துடன் வருவார். ஐம்பது வாக்கியங்களைத் திருத்தி எழுதி வந்திருப்பார். நான் சிவப்பு மையில் அவற்றைத் திருத்துவேன்.

"ஏண்ணா, நோட்டைத் தெறந்தா அம்மை போட்ட மாதிரி இருக்குது. அந்தச் செவப்பு மசியைக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கக் கூடாதா?"

"தப்பு இருந்தா செவப்பு இருக்கும்மா."

"நேத்து நடந்ததா, நாளைக்கி நடக்கப் போறதான்னு சரியாத்தான் கண்டுபிடிச்சிடறேன். அப்புறம் அந்த வார்த்தை எந்த வேசத்துல வருதுன்னுதான் புரிய மாட்டேங்குது. நம்ம ஊருல தெருக்கூத்துக்காரன் கூட ராத்திரிக்கு ரெண்டு வேசந்தான் கட்டறான்."

என் மனைவி உள்ளிருந்து சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை.

தங்கைக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் பென்சிலால் சிறியதாக ஓர் எழுத்து இடுவார். நேற்று என்பதற்கு 'நே', இன்று என்பதற்கு 'இ', நாளை என்பதற்கு 'நா'. அதன் பிறகே விடையைத் தொடுவார். ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே எண்ண வேண்டும் என்று கூறி அதை நான் கண்டித்தேன். "சரிண்ணா" என்பார். அடுத்த ஞாயிறு பார்த்தால், பென்சில் எழுத்தை அழித்த தடம் தெரியும்.

மூன்றாம் முறை அவர் தேர்வு எழுதியது, நெருக்கடி நிலை அறிவிக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டில். அதுவே அலுவலர் கொடுத்த தவணையின் இறுதி. அந்தக் கோடையிலும் எனக்கு முகாம் ஆணை வந்தது.

முகாமின் முதல் நாள், தேர்வாளர் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பம் இட வேண்டும். நெருங்கிய உறவினர் எவரேனும் அத்தேர்வை எழுதியிருந்தால் அவர் பெயரையும் எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால், அவர் எழுதிய தேர்வு மையத்தின் தாள்கள் வேறு மேசைக்குப் போகும். எங்கள் பள்ளியின் மற்றோர் ஆங்கில ஆசிரியர் என் பக்கத்தில் நின்று அதே படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். என் எழுதுகோல் தயங்கியதை அவர் பார்த்தார்.

"நம்ம வீட்டுல யாரு சார் பரீட்சை எழுதப் போறாங்க? கையெழுத்தைப் போட்டுட்டு வாங்க, காப்பி ஆறுது."

பி.ஏ., பி.டி. பட்டம் பெற்ற ஆங்கில ஆசிரியரின் உடன்பிறந்தவர் ஆங்கிலத்தில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை எழுதியிருக்கிறார் என்பதை அவர் கண்ணெதிரே எழுத எனக்கு மனம் வரவில்லை. 'எவரும் இலர்' என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். மாவட்டம் முழுவதிலும் இருந்து வரும் தாள்களில் எங்கள் மையத்துக் கட்டு என் மேசைக்கு வராது என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அந்தக் கட்டு வந்தது.

கட்டின் மேல் மைய எண்ணைக் கண்டதும் எழுந்து சென்று முதன்மைத் தேர்வாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், முந்தாநாள் நான் இட்ட கையொப்பம் பொய் என்று ஆகும். தங்கையின் தேர்வு எண்ணை நான் வேண்டுமென்றே கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே, எது அவர் தாள் என்று அறிய வழியில்லை என்று எனக்கு நானே கூறிக்கொண்டு கட்டைப் பிரித்தேன். பதினேழாவது தாளில் வினைச்சொற்பகுதிக்கு வந்தபோது, வாக்கியங்களின் தலையில் பென்சில் எழுத்தை அழித்த தடங்கள் இருந்தன. கையெழுத்தையும் பார்த்தேன். மேலும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

பத்து வாக்கியங்களில் மூன்று முற்றிலும் சரி. நான்கில் காலத்தைச் சரியாகக் கண்டறிந்து, வடிவத்தில் மட்டும் தவறியிருந்தார். அத்தகைய விடைக்குப் பிற மேசைகளில் அரை மதிப்பெண் இடுவது வழக்கம். விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை. பிறருடைய தாள்களில் நான் ஒருபோதும் இட்டதில்லை. அந்தத் தாளிலும் இடவில்லை. மொத்தம் முப்பத்து மூன்று வந்தது. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

மாலையில் முதன்மைத் தேர்வாளர், எல்லையில் நிற்கும் தாள்களைத் தனியே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தார். முதியவர், மென்மையாகப் பேசுபவர். அந்தத் தாளை என் முன் விரித்தார்.

"பாருங்க சார், நாலு எடத்துல காலம் சரியாத்தானே இருக்குது? அரை அரையாப் போட்டா ஆளு கரை ஏறிடும்."

"விடைக்குறிப்புல அரை இல்லீங்க."

"இல்லதான். யாரு பெத்த புள்ளையோ, மெனக்கெட்டு எழுதியிருக்குது. ரெண்டு மார்க்குல மானம் போயிடுமா?"

"அடுத்த தாளுக்கும் நான் அதையே செய்யணும். செய்ய மாட்டேன்."

அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டார். "உங்க பேனாவுக்கு மசியா ஊத்தறீங்க, காரமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். சுற்றி இருந்தோர் சிரித்தனர்.

விதியைக் காத்ததாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை எனக்கில்லை. விதியை முதலில் மீறியவன் நான். படிவத்தில் உண்மையை எழுதியிருந்தால், அந்தத் தாள் வேறொரு மேசையில் முப்பத்தைந்து பெற்றிருக்கும். முப்பத்து மூன்று என்று மையால் மொத்தம் எழுதிய பிறகு, மதிப்பெண்ணைக் கூட்டினாலும் குற்றம், கூட்டாவிட்டாலும் குற்றம் என்ற இடத்தில் நான் அமர்ந்திருந்தேன். அந்த இடத்துக்கு என்னை வேறு எவரும் கொண்டுபோய் நிறுத்தவில்லை.

நாளிதழில் எண்கள் வெளிவந்த காலையில் தங்கை என் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் பார்த்தார். மறுபடியும் மேலிருந்து தொடங்கினார்.

"இல்லண்ணா."

நாளிதழிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"என் பேப்பரு உங்க கைக்கு வந்துச்சா?"

"நம்பர்தாம்மா இருக்கும். யாரோடதுன்னு தெரியாது."

"அதானே" என்றார். நாளிதழை நான்காக மடித்து என் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரமே தண்ணீர் எடுத்து வைக்கும் பணியில் சேர்ந்தார். நான் தடுத்தேன், என் வீட்டில் வந்து இருக்கச் சொன்னேன். "உங்க வீட்டுல ஒக்காந்து எத்தினி நாளு சாப்பிடறது? எம் பொண்ணு எங்கம்மா வேலைக்குப் போவுதுன்னு சொல்லட்டும்" என்றார்.

எங்கள் மையத்துக் கட்டு என் மேசைக்குத்தான் வந்தது என்ற செய்தி, என்னுடன் முகாமுக்கு வந்த அதே ஆசிரியர் வாயிலாகத் தேநீர்க் கடைக்கும், அங்கிருந்து உப்பளத்துக்கும் போயிருந்தது. ஒரு நாள் மிதிவண்டியில் வரப்போரமாக வந்துகொண்டிருந்தேன். மழைக்கு முன் உப்புக் குவியல்களைப் பனையோலையால் மூடும் வேலை நடந்துகொண்டிருந்தது. குவியலுக்கு அப்பால் தங்கை குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஓலை மூடும் பெண்களோடு நிற்பது தெரிந்தது. நான் இந்தப் பக்கம் நின்றது அவர்களுக்குத் தெரியாது.

"உங்கண்ணன் இங்கிலீசு வாத்தியாராச்சே. சொந்தத் தங்கச்சிக்கு ரெண்டு மார்க்கு போட அவருக்குக் கை வலிச்சிதா?" என்றாள் ஒருத்தி.

"அடியே, அவருக்கு இன்னாடி தெரியும்? வெறும் நம்பருதான் போட்டிருக்கும். எந்த ஊரு கழுதை எழுதுச்சோன்னு நெனச்சிப் பெயிலு போட்டிருப்பாரு" என்றார் தங்கை. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சும்மாட்டைச் சரிசெய்து, குடத்தைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வரப்பில் நடந்தார். நான் மிதிவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்குப் போனேன்.

அப்பணியை நான்கு ஆண்டுகள் செய்தார். கணவர் அமர்ந்திருந்த நாற்காலியில் அமர்ந்த புதிய எழுத்தருக்கும் அவரே தண்ணீர் கொடுத்தார். ஒரு நாளும் பணிக்குப் பிந்திச் சென்றதில்லை என்று அலுவலர் என்னிடம் கூறினார். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. மீண்டும் தேர்வு எழுதும்படி நான் இருமுறை சொன்னபோது, "போதும்ணா, இனிமே அவ எழுதட்டும்" என்று மட்டும் சொன்னார்.

சென்ற ஆண்டு கால்களில் வீக்கம் கண்டது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பாண்டிச்சேரியில் மருத்துவர் சொன்னார். அங்கே மருத்துவமனைக் கட்டிலருகே மூன்று நாட்கள் அமர்ந்திருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போயிருந்தேன். முதல் நாள் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் மகளின் படிப்பைப் பற்றியே பேசினார். நடுவில் புக எனக்கு இயலவில்லை. மூன்றாம் நாள் காலை, "நீங்க போயி சாப்பிட்டு வாங்கண்ணா, மொகம் வாடியிருக்குது" என்றார். நான் திரும்பி வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. பிறகு வரவில்லை.

தம் கிணற்றில் நான்கு ஆண்டுகள் தடையின்றித் தண்ணீர் எடுக்க விட்ட கிணற்றுக்காரருக்கும், வீக்கம் கண்ட நாட்களில் தங்கையின் குடத்தை மாற்றிச் சுமந்த உப்பளத்துப் பெண்களுக்கும், விடுப்பு முடிந்த பின்னும் பணியில் அவர் பெயரை நீக்காமல் வைத்திருந்த அலுவலருக்கும், மருத்துவமனையில் உடனிருந்து துணி மாற்றி உதவிய அண்டை வீட்டு அம்மையாருக்கும், இறுதிச் சடங்குக்கு மழையில் வந்து நின்ற உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. "மாமா, நீங்களும் எழுதணும்" என்று கேட்டு இந்நினைவு மலரில் எனக்கு இடம் அளித்த தங்கை மகளுக்கும் என் நன்றி.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டியுள்ளது. இம்மலரில் உறவினர் இருவர் எழுதியுள்ளவற்றின் படியை அச்சுக்கு முன் பார்த்தேன். உடன்பிறந்தவரின் தாள் என்று அறியாமலே அண்ணன் அதற்கு மதிப்பெண் இட நேர்ந்தது விதியின் செயல் என்று இருவரும் குறித்துள்ளனர். தங்கை சொன்னதை நம்பி எழுதியிருக்கிறார்கள். அது சரியன்று. அது யாருடைய தாள் என்பது எனக்குத் தெரியும்.