வெள்ளை சிமென்ட் அடைத்த துளைகள்

சுவரோரம் அடிக்கு ஒன்றாக, சுண்டுவிரல் பருமனில், வெள்ளை சிமென்ட் அடைத்த துளைகள். சிதம்பரத்தில் கரையான் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்த டீச்சர் வீட்டுப் படுக்கையறையில் குனிந்ததும் அவைதாம் கண்ணில் பட்டன. சிமென்டை அடைத்துவிட்டுக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றுவது என் பழக்கம். அந்தச் சுழி ஒவ்வொன்றிலும் இருந்தது. அடச்சே, இது நம் கை வேலையாயிற்றே.

எட்டு வருஷத்துக்கு முன்னால், கடலூரில் ஒரு கம்பெனியில் ஆளாக இருந்தபோது, கரையான் மருந்து ஊற்ற இந்த வீட்டுக்கு வந்திருந்தேன். டீச்சரின் கணவரான சார் ஆபீஸ் போயிருந்தார். படுக்கையறையில் துளை போட்டு முடித்து மருந்து கேனைத் தூக்கும்போது டீச்சர் வந்து வாசலில் நின்றார். "தம்பி, இந்த ரூம்ல மட்டும் ஊத்தாதே. வாசன பட்டா எனக்கு வீசிங் ஜாஸ்தியாயிடும். சாருக்குத் தெரிய வேணாம், அவுங்க கத்துவாங்க." பார்க்கப் பாவமாக இருந்தது. காலித் துளைகளை அப்படியே அடைத்துவிட்டு, அவர் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு வந்தேன். புத்தி கெட்டவன்.

என் தொழிலில் உயிரோடு திரிகிற பூச்சியைவிட அது விட்டுப்போன குப்பைதான் உண்மையைச் சொல்லும். கூடத்திலும் சமையலறையிலும் பழைய கரையான் மண் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. அங்கே கரையான் செத்து வருஷக்கணக்காகிவிட்டது. படுக்கையறையில் மட்டும் மண் ஈரமாக இருந்தது. ஓர் அடைப்பைப் பெயர்த்தேன். உள்ளே மருந்தின் சுவடே இல்லை. நான் போட்ட துளையையே பாதையாக்கிக் கரையான்கள் மேலேறி, மர அலமாரிக்குள் போயிருக்கின்றன. அங்கேதான் அவர்கள் மகளின் சர்டிபிகேட்டுகள் இருந்தன. அடுத்த வாரம் வேலையில் சேர ஒரிஜினல் காட்டியாக வேண்டிய பெண். ஃபைலைத் திறந்தால் மண்ணும் காகித ஓரங்களும்தான் மிச்சம்.

சார் அன்று என்னைப் பார்த்ததே இல்லை. முன்னால் வந்தவன் திருடன், மருந்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்று திட்டிக்கொண்டிருந்தார். டீச்சருக்கு என்னை அடையாளம் தெரிந்திருந்தது. சுவரோடு ஒட்டி நின்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"திருடன் இல்ல சார். நான்தான் வந்தேன். இந்த ரூம்ல மருந்து ஊத்தாம விட்டுட்டேன்" என்றேன்.

ஏன் என்று கேட்டார். சொல்லியிருக்கலாம், நாக்கு வரை வந்தது. டீச்சர் தலைப்பை இன்னும் இறுக்கி முறுக்குவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று சார் கத்தினார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. யார் கெஞ்சினாலும் ஊற்றியிருக்க வேண்டும், முடியாதென்றால் சாரிடமே சொல்லியிருக்க வேண்டும்.

அப்போதுதான் டீச்சர் வாயைத் திறந்தார். "விடுங்க, பாவம். அப்ப சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிட்டான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்றேன்.