நஞ்சைக்காரரின் சோளக் கொல்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் கடல் தாண்டி வந்து பிரிக்பீல்ட்ஸில் பால் ஊற்றிக்கொண்டிருந்த சபாபதி, தஞ்சாவூர்க்காரர். யாரும் கேட்காமலேயே அதைச் சொல்லிவிடுவார். காவிரித் தண்ணீரில் வளர்ந்ததால் விவசாயத்தில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். மனைவி நல்லம்மாள் ராமநாதபுரத்துப் பக்கம், மழையை நம்பி விதைக்கிற புஞ்சைக்காட்டுப் பெண். பயிர் பச்சை பற்றி அவள் வாயைத் திறந்தாலே, “நீ சும்மா இரு புள்ள, ஒங்க ஊர்ல வெளையறதே கருவேலமுள்ளுதான்” என்று அடக்கிவிடுவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி சிவகுருநாதன், யாழ்ப்பாணத்து மனிதர், தம் வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தில் அதற்குத் தீவனப்பயிர் போட்டுக்கொள்ள விட்டிருந்தார். அங்கே மண்டிக் கிடந்த லாலாங் புல் ஒழிய வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அந்த முரட்டுப் புல்லை மாடுகூடத் தின்னாது.

சபாபதி மண்வெட்டியை எடுத்து வெட்டு வெட்டென்று வெட்டினார். பிறகு கயிறு பிடித்து, நாற்று நடுகிற அழகில் சோளத்தை வரிசை வரிசையாக ஊன்றினார். இரண்டு வரிசைக்கு நடுவே ஆள் படுத்துப் புரளலாம். அவ்வளவு சொகுசான இடத்தைப் பார்த்துவிட்டு லாலாங் சும்மா இருக்குமா? அவர் துண்டு துண்டாக வெட்டிப்போட்ட வேரெல்லாம் குருத்துவிட்டது. சோளம் முழங்காலுக்கு வருவதற்குள் லாலாங் இடுப்புக்கு வந்துவிட்டது.

கிராணி வேலியோரம் வந்து நின்றார். “சபாபதி, இதுக்குள்ளை பாம்பு கிடந்தாலும் தெரியாது. தீபாவளிக்கு முன்னம் இது அழியாட்டி காணியை வேறை ஆளிட்டைக் குடுத்துப்போடுவன்.”

நிலம் போனால் தீவனம் போச்சு. பசுவைத் தொலைவில் மேரு என்ற ஊரிலிருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஓட்டிவிட வேண்டியதுதான். சபாபதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தாலும் செவலையிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர் அவர்.

மறுபடி நிலத்தைப் புரட்டினார். வேர்களை நல்லம்மாள் பொறுக்கி வெயிலில் காயப்போட்டாள். அவர் பால் ஊற்றப் போன நேரம் பார்த்து, சோள விதையோடு தட்டைப்பயறையும் கலந்து மடியில் கட்டிக்கொண்டு நெருக்கமாக விசிறிவிட்டாள். புஞ்சைக்காட்டில் எல்லோரும் செய்கிற வேலைதான்.

முளைத்ததைப் பார்த்ததும் சபாபதி தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏ புள்ள, இது என்ன கொல்லையா, கூட்டாஞ்சோறா?” என்று குனிந்து ஒரு பயற்றஞ்செடியைப் பிடித்தார்.

“புடுங்குங்க,” என்றாள் நல்லம்மாள். “எல்லாத்தயும் புடுங்கிட்டு, செவலையையும் நீங்களே மேருவுக்கு ஓட்டிட்டுப் போங்க.”

பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக விட்டார்.

மழை பிடித்தது. சோளம் மேலே எழும்ப, பயறு அதன் காலடியில் மண்ணே தெரியாமல் படர்ந்தது. எட்டிப் பார்த்த லாலாங் வெயில் கிடைக்காமல் வெளிறிச் சோர்ந்தது. மிஞ்சியதை நல்லம்மாள் கையாலேயே பிடுங்கினாள். பயறு பூவெடுத்ததும் இரண்டையும் சேர்த்து, அன்றாடம் கொஞ்சமாக அறுத்துப் போட்டார்கள். செவலை தலை நிமிராமல் தின்றது, பாலும் கூடியது. எல்லாம் தம் கைராசி என்று சபாபதி தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்.

தீபாவளிக்கு முன்னால் கிராணி வந்து பார்த்தார். “அருமை! காணி உனக்குத்தான், சபாபதி. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலையும் இப்பிடிப் போட வேணும். விதை எப்பிடிக் கலந்தனீ?”

சபாபதி தொண்டையைச் செருமினார். வானத்தைப் பார்த்தார், சோளத்தைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது, சொல்ல விஷயம்தான் இல்லை. “இவதான் வெதச்சா, ஐயா. எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார்.

இத்தனை வருஷம் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் நல்லம்மாள் அந்த இடத்திலேயே வட்டியும் முதலுமாகக் கொடுத்திருக்கலாம். அவளோ முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “சோளம் மூணு பங்கு, பயறு ஒரு பங்குங்க. ஆனா அவரு மண்ண அப்படிப் பொரட்டிப் போடலேன்னா எந்த வெதையும் மொளச்சிருக்காது,” என்றாள்.

சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. கிராணி போனபின் அரிவாளை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்து, “எந்தப் பக்கம் அறுக்கட்டும்?” என்று கேட்டார்.